மயிற்பீலி சூடிய வேல்கள்

காஞ்சிபுரம் என்றதும் பலருக்குப் பட்டுப் புடவையும் கோபுரங்களும் நினைவுக்கு வரும். எனக்கோ, வெளிநாட்டு நெருக்கடியில் நாட்டின் தலைவர் உரக்கப் பேசவேண்டுமா, மெல்லப் பேசவேண்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், அவ்வூரை ஆண்ட தொண்டைமானின் ஆயுதசாலைதான் நினைவுக்கு வருகிறது.

தகடூர் அதியமானுக்கும் அவனுக்கும் பகை மூண்டது. அதியமான் ஔவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் அவருக்கு ஆயுதசாலையைச் சுற்றிக் காட்டினான். (விருந்தாளிக்குக் காட்டக்கூடிய இடமா அது!) ஔவையார் மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. இங்கே வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு அழகாயிருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இது. கூட இருந்தவர்களுக்குப் புகழ்ச்சியாகக் கேட்டிருக்கும். தொண்டைமானுக்கு மட்டும் சுருக்கென்றிருக்கும்.

1962 அக்டோபரில், கியூபாவைக் கப்பற்படையால் வளைத்துக்கொண்டே, துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுவதாகத் தம்பி ராபர்ட் மூலம் சோவியத் தூதரிடம் ரகசியமாகச் சொல்லியனுப்பினார் ஜனாதிபதி கென்னடி. 1963-இல் அவை அகற்றப்பட்டன. நானும் மெல்லிய குரலின் கட்சிதான். ஆனால் அதற்குப் பின்னால் முனை முறிந்த வேல்கள் சில இருக்கவேண்டும்.

அவை இருந்தும், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர்மேல் படையெடுத்தபோது அதியமான் தப்பவில்லை. ஔவையார் பாட நேர்ந்தது இரங்கற் பாட்டு.