மும்பையில் ஓர் இரவின் வாடகை

மும்பையில் குறைந்த செலவில் தங்க இடம் பிடிக்க, நூற்றைம்பது ஆண்டுகளில் நான்கு வழிகள் உருவாகியிருக்கின்றன: ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட பொது அறை, அறக்கட்டளைகளின் தர்மசாலை, லாட்ஜும் பேயிங் கெஸ்ட் முறையும், கடைசியாக இணையத்தில் விலை பார்த்தும் விலை கேட்டும் பிடிக்கும் ஹோட்டல் அறை. நான்குக்கும் அடியில் இருக்கும் சிக்கல் ஒன்றுதான். காலியாகக் கிடந்த கட்டிலின் நேற்றைய இரவை இன்று விற்க முடியாது. அந்த நஷ்டத்தை யார் ஏற்பது? வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத ஆளுக்கு யார் பொறுப்பு சொல்வது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் அந்தந்தக் காலத்தில் கிடைத்த பதிலே வாடகையைத் தீர்மானித்தது.

ஊர் சொன்ன பொறுப்பு

1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தானேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் பருத்தி மில்கள் எழுந்தன. 1871-இல் பம்பாய்ப் பக்கத்து இருப்புப்பாதையும் சென்னைப் பக்கத்து இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் இணைந்தபின், தெற்கிலிருந்து வேலை தேடி வருவோருக்கு நேர்வழி கிடைத்தது. நகரத்தில் ஹோட்டல்கள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து காலா கோடாவில் எழுப்பிய வாட்சன் ஹோட்டல் இருந்தது. 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது அங்கேதான். 1903 டிசம்பரில் தாஜ்மகால் ஹோட்டல் திறக்கப்பட்டது. மில் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வந்தவர்களுக்கு இவை எட்டாத இடங்கள்.

அவர்கள் தங்கள் ஊரையே நகரத்துக்குள் கொண்டுவந்தார்கள். கோவா கிறிஸ்தவர்களுக்குத் தோபி தலாவ், மஸ்காவ் பகுதிகளில் ‘கூட்’ எனப்படும் கிராம மன்றங்கள் இருந்தன. ஒரு கிராமத்துக்கு ஒரு மன்றம். கப்பலில் வேலை பார்த்தவர்கள் ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இடையில் அங்கே தங்கினார்கள். ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி, அதை வைக்க ஓர் இடம், சுவரோரம் ஊர்ப் புனிதரின் பீடம், மாலையில் கூட்டு ஜெபமாலை. பரேல், லால்பாக் மில் பகுதிகளில் கொங்கணத்திலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் வந்த ஆண்கள் ஒரே அறையைப் பலராக எடுத்து, ஷிப்டு முறையில் படுத்து எழுந்தார்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த இடத்தில் இரவு ஷிப்டுக்காரர் படுத்தார். சாப்பாட்டைப் பெண்கள் நடத்திய கானாவள்கள் பார்த்துக்கொண்டன.

தாராவியில் இதற்கு ஈடானது பொங்கல் வீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலில் இறங்கினர். 1887-இல் கட்டப்பட்ட படி மசூதியும் 1913-இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் அடையாளங்கள். குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்கள் பொங்கல் வீட்டில் தங்கினார்கள். மாதத்துக்கு ஒரு தொகை கொடுத்தால் சாப்பாடு, பெட்டி வைக்க இடம், கையையும் காலையும் நீட்ட இடம் மூன்றும் கிடைக்கும். பெரும்பாலும் ஒரு வீட்டில் ஒரே ஊர்க்காரர்களோ ஒரே வட்டாரத்துக்காரர்களோதான் இருப்பார்கள். புழுக்கமான இரவுகளில் பாதிப்பேர் பாயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள்.

இந்த ஏற்பாட்டில் பேரத்துக்கு வேலை இல்லை. ஒருவர் இன்னார் மகன், இன்ன தெருக்காரர் என்று தெரிந்தால் அதுவே முன்பணம். ஓர் இடம் காலியானால் நஷ்டத்தை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள்; ரயிலில் அடுத்த ஆள் வந்ததும் அது நிரம்பிவிடும். செலவு குறைந்ததற்குக் காரணம் அந்த நம்பிக்கைதான். அதே நம்பிக்கைக்கு ஒரு வேலியும் இருந்தது. ஊரும் சாதியும் மதமும் பொருந்தாதவருக்கு அந்த வீட்டில் பாய் விரிக்க இடமில்லை.

தர்மசாலை

ஊர்த்தொடர்பு இல்லாதவருக்கும் சில நாள் வேலையாக வந்தவருக்கும் தர்மசாலை இருந்தது. சி.பி. டேங்க் பகுதியில் மாதவ்பாக், ஹீராபாக் போன்றவற்றைக் குஜராத்தி வணிகக் குடும்பங்களின் கொடைகள் உருவாக்கின. கிராஃபோர்டு மார்க்கெட் அருகே ஹஜ் பயணிகளுக்கான முசாஃபிர்கானா அமைந்தது. கையில் துடைப்பத்தோடு ஊர் ஊராகப் போய் சுத்தத்தைப் போதித்த சந்த் காட்கே மகராஜ், 1956-இல் மறையும்வரை மகாராஷ்டிரத்தின் பல ஊர்களில் ஏழைகளுக்காகத் தர்மசாலைகள் எழுப்பினார். அவர் பெயரில் உள்ள தாதர் தர்மசாலை இன்றும் நோயாளிகளுக்கு இடம் கொடுக்கிறது. இங்கெல்லாம் கட்டணம் பெயரளவுக்குத்தான். காலி அறையின் நஷ்டத்தைக் கொடையாளியின் பணம் ஏற்றது. அதற்குப் பதிலாக விதிகள் இருந்தன: இத்தனை நாளுக்கு மேல் தங்கக் கூடாது, புலால் கூடாது, சில இடங்களில் குறிப்பிட்ட சமூகத்தாருக்கு மட்டுமே அனுமதி.

மாட்டுங்கா: அறை ஓரிடம், இலை ஓரிடம்

1896-இல் பரவிய பிளேக் நோய் நகரத்தின் வடிவத்தையே மாற்றியது. நெருக்கடியான குடியிருப்புகளைக் கலைக்க 1898-இல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அது வடக்கே திட்டமிட்ட புறநகர்களில் தாதரும் மாட்டுங்காவும் அடக்கம். 1920-களிலும் 30-களிலும் மாட்டுங்காவின் புதிய அடுக்குமாடிகளுக்கு ரயில்வே, வங்கி, கம்பெனி அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்கள் குடிவந்தார்கள். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற தஞ்சாவூர், பாலக்காட்டு இளைஞர்கள் அவர்களைத் தொடர்ந்தார்கள். 1932-இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் அந்தப் பேட்டைக்குப் பள்ளி தந்தது.

இந்த இளைஞர்களின் செலவுக் கணக்கு இரண்டாகப் பிரிந்தது. படுக்கைக்கு, நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த ஓர் அறை. சாப்பாட்டுக்கு, மாதக் கணக்கில் போர்டிங். 1937-இல் மணீஸ் லஞ்ச் ஹோம், 1940-இல் கஃபே மெட்ராஸ், 1942-இல் மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டி ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் என்று அடுத்தடுத்து வந்தன. கவுன்டரில் பணம் கட்டி டோக்கன் வாங்கி, வரிசையில் காத்திருந்து, வாழையிலை முன் உட்காரும் முறை ராம நாயக்கில் இன்றும் நடக்கிறது. அறையில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை என்பதால்தான் அத்தனை பேர் ஒரே அறையில் இருக்க முடிந்தது. மும்பையில் மலிவான தங்குமிடத்தை மலிவான சாப்பாடுதான் தாங்கிப் பிடித்தது.

சட்டம் நிர்ணயித்த வாடகை

முதல் உலகப் போரின் முடிவில் வாடகை தாறுமாறாக ஏறியதால் 1918-இல் முதல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. விரிவான சட்டம் 1947-இல் வந்தது. பம்பாய் வாடகை, ஹோட்டல் மற்றும் லாட்ஜ் கட்டணக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது அதன் முழுப்பெயர். வீட்டு வாடகை 1940 செப்டம்பர் நிலையை ஒட்டி நிறுத்தப்பட்டது. ஹோட்டல், லாட்ஜ்களுக்கு நியாயமான கட்டணம் எவ்வளவு என்று நிர்ணயிக்கும் அதிகாரமும் அரசு அதிகாரிக்குத் தரப்பட்டது. வந்தவரின் வசதியையோ கூட்டத்தையோ பார்த்து விலை சொல்லக் கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம்.

ஏற்கெனவே குடியிருந்தவர்களை இந்தச் சட்டம் காத்தது. புதிதாக வந்தவர்களுக்கு அது கதவை அடைத்தது. வாடகை ஏறாத வீட்டைப் புதிதாகக் கட்டி விட உரிமையாளர்கள் முன்வரவில்லை. பெருந்தொகை கைமாறும் பகடி முறை வேரூன்றியது. 1973-இல் வந்த திருத்தம், அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று உரிம ஒப்பந்தத்தில் குடியிருந்தவர்களையும் வாடகைதாரராக அறிவித்தது. பேயிங் கெஸ்ட்டாக இருந்தவரும் லாட்ஜ், விடுதி, தர்மசாலைகளில் தங்கியவரும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். எனவே வீட்டை இழக்காமல் வருமானம் பார்க்க விரும்பியவருக்கு வசதியான வழி, கூடத்திலோ உள்ளறையிலோ ஒருவரைப் பேயிங் கெஸ்ட்டாக வைத்துக்கொள்வதுதான்.

இதன் பலன் மாட்டுங்காவோடு செம்பூரிலும் தெரிந்தது. 1950-களில் டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வந்தபின், செம்பூரில் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. தெரிந்தவர் மூலம் வந்த, மாமிசம் சமைக்காத, இரவு நேரத்தோடு திரும்பும் பையனுக்கு அந்த வீடுகளில் இடம் கிடைத்தது. ஊர் சொன்ன பொறுப்பை இங்கே ஒரு சிபாரிசுக் கடிதம் சொன்னது. 1947 சட்டத்தின் இடத்தில் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது.

விலை கேட்கும் முறை

1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது. மூன்றாண்டுகள் கழித்து அமெரிக்காவில் பிரைஸ்லைன் நிறுவனம், வாடிக்கையாளரே விலை சொல்லும் முறையைத் தொடங்கியது. முதலில் விமான டிக்கெட், அந்த ஆண்டு முடிவதற்குள் ஹோட்டல் அறை. தங்கப்போகிறவர் நகரத்தின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரத் தரம், எந்தத் தேதி என்று குறித்துத் தன் விலையையும் கிரெடிட் கார்டு எண்ணையும் கொடுப்பார். ஹோட்டலின் பெயர் அவருக்குத் தெரியாது. அந்த விலைக்கு ஏதாவது ஒரு ஹோட்டல் சம்மதித்தால் கார்டிலிருந்து உடனே பணம் போய்விடும். பெயர் அதன் பிறகுதான் தெரியும். திருப்பிக் கேட்க முடியாது, தேதி மாற்ற முடியாது. சம்மதம் கிடைக்காவிட்டால், பகுதியையோ தரத்தையோ மாற்றினால்தான் உடனே மறுபடி கேட்கலாம்.

பெயரை மறைத்ததில்தான் இந்த முறையின் சூட்சுமம் இருந்தது. பெரிய ஹோட்டல் தன் வாசல் விலையைக் குறைத்தால் முழு விலை கொடுக்கத் தயாராக இருப்பவரும் குறைந்த விலையையே கேட்பார். பெயர் வெளியே தெரியாமல் விற்றால் காலி அறையும் நிரம்பும், பலகையில் எழுதிய விலையும் கெடாது. தமிழர்களுக்குப் பழக்கமான ஏலச்சீட்டில் எல்லோரும் எதிரெதிரே உட்கார்ந்து தள்ளு கேட்பார்கள். யார் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த இணைய ஏலத்தில் கேட்பவர் தன் தொகையை மட்டுமே அறிவார். அமெரிக்காவிலும் இந்த முறை நிலைக்கவில்லை. 2016-இல் விமான டிக்கெட்டுக்கு ஏலம் நிறுத்தப்பட்டது. ஹோட்டலுக்கும் பிற்பாடு கைவிடப்பட்டு, பெயர் மறைத்த தள்ளுபடி விலை மட்டும் மிஞ்சியது.

மும்பைக்கு அது அப்படியே பொருந்தவும் இல்லை. அன்று கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் குறைவு. தாதரிலும் கிராண்ட் ரோட்டிலும் இருந்த சிறு லாட்ஜ்களில் கணக்கு நோட்டில்தான் ஓடியது. அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று சோதித்து, பிறகு கவுன்டரில் பேரம் பேசுவதே வழக்கம். பார்க்காத அறைக்கு, பெயர் தெரியாத இடத்துக்கு முன்பணம் கட்டுவது அந்த வழக்கத்துக்கு நேர் எதிரானது.

இணையம் இங்கே வேறு பாதையில் வந்தது. 2000-இல் தீப் கால்ரா தொடங்கிய மேக்மைட்ரிப், முதலில் அமெரிக்காவிலிருந்த இந்தியர்களுக்கு டிக்கெட் விற்றது. 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி ரயில் முன்பதிவை இணையத்தில் திறந்தபோது, நடுத்தரக் குடும்பங்கள் திரையில் பணம் கட்டப் பழகின. 2006-இல் யாத்ராவும் மும்பையில் கிளியர்டிரிப்பும் வந்தன. சென்னையில் பிறந்த ஸ்டேசில்லா, பெரிய தளங்கள் கண்டுகொள்ளாத சிறு லாட்ஜ்களையும் வீடுகளையும் பட்டியலில் ஏற்றியது. 2017-இல் அது மூடப்பட்டது. 2013-இல் ரித்தேஷ் அகர்வால் தொடங்கிய ஓயோ, பல லாட்ஜ்களை ஒரே பெயர்ப்பலகையின்கீழ் கொண்டுவந்து, வெள்ளை விரிப்பு, வைஃபை, காலை உணவு என்று ஒரு தரத்துக்கு உறுதி சொன்னது. முன்பு ஊரும் சிபாரிசுக் கடிதமும் சொன்ன பொறுப்பை இப்போது நிறுவனத்தின் பெயரும் முன்பு தங்கியவர்கள் போட்ட நட்சத்திரங்களும் சொல்லத் தொடங்கின.

ஏலம் மறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனது. தேவை கூடக் கூட விலை தானாக ஏறுகிறது, குறையக் குறைய இறங்குகிறது. மழைக்கால வார நாளில் இறங்கும் அறைவிலை, கண்காட்சி, திருமண முகூர்த்தம், பெரிய கிரிக்கெட் ஆட்டம் என்றால் ஏறிவிடும். 2025 ஜனவரியில் நவி மும்பையில் கோல்ட்பிளே இசைக்குழுவின் நிகழ்ச்சி நடக்கும் என்று அறிவிக்கப்பட்டதுமே சுற்றியிருந்த ஹோட்டல்களின் விலை பல மடங்கு உயர்ந்தது. 1947 சட்டம் தடுக்க நினைத்ததே இன்றைய வழக்கமாகிவிட்டது.

தள்ளுபடியின் விலையை ஹோட்டல்காரரும் கொடுத்தார். தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைவாக வேறெங்கும், சொந்த இணையதளத்தில்கூட, விற்கக் கூடாது என்ற நிபந்தனையை மேக்மைட்ரிப், கோஐபிபோ கூட்டு நிறுவனம் விதித்தது என்று இந்தியப் போட்டி ஆணையம் கண்டது. போட்டியாளர்களின் ஹோட்டல்களைப் பட்டியலிலிருந்து நீக்க ஓயோவுடன் செய்த ஏற்பாட்டையும் அது தவறென்றது. 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப் தரப்புக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டது. சிறிய ஹோட்டல்காரருக்குத் தன் அறையின் விலையைத் தானே குறைக்கும் உரிமை வேண்டும் என்பது இந்த வழக்கு நிலைநாட்ட முயன்ற நியாயம்.

இன்றைய நிலை

2021 நவம்பரில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் 48 சிறு கூடுகள் கொண்ட பாட் ஹோட்டல் திறக்கப்பட்டது. 12 மணி நேரத்துக்கு 999 ரூபாய், ஒரு நாளுக்கு 1,999 ரூபாய் என்று தொடக்கக் கட்டணம் வைத்தார்கள். ஆள் படுக்கும் அளவு இடத்தை மணிக்கணக்கில் விற்பது மில் பகுதியின் ஷிப்டுப் படுக்கையை நினைவூட்டினாலும், இங்கே ஊர்க்காரர் யாரும் தேவையில்லை. அடையாள அட்டையும் பணமும் போதும். சாதியும் மதமும் கேட்காமல் கதவைத் திறப்பது இணைய முறையின் உண்மையான சாதனை. ஆனால் அந்தத் திறப்பும் முழுமையானதல்ல. பெயரையும் துணையையும் பார்த்துக் கவுன்டரில் முன்பதிவை மறுக்கும் ஹோட்டல்கள் நாட்டில் இன்னும் இருக்கின்றன.

ஏறி இறங்கும் விலை, தேதியை மாற்றிக்கொள்ள முடிந்தவருக்குத்தான் லாபம். 1941-இல் பரேலில் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோய் சிகிச்சைக்காக நாடெங்கிலுமிருந்து வரும் குடும்பங்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. சிகிச்சை எத்தனை வாரம் நீளும் என்று தெரியாது. மருத்துவர் சொன்ன தேதியில் அங்கே இருந்தாக வேண்டும். அவர்களுக்குக் கைகொடுப்பவை காட்கே மகராஜ் தர்மசாலையும் பரேலில் 1968 முதல் இயங்கும் நானா பால்கர் ஸ்ம்ருதி சமிதியும் அவைபோன்ற அறநிலையங்களும்தான். அங்கும் இடம் கிடைக்காத பல குடும்பங்கள் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதையிலேயே வாரக்கணக்கில் தங்குகின்றன.

காலி அறையை நிரப்பும் சிக்கலுக்கு இணையச் சந்தை நல்ல விடை கண்டுவிட்டது. பணமும் கால அவகாசமும் உள்ளவர் அதனால் உண்மையாகவே பயனடைகிறார். இரண்டும் இல்லாதவருக்கு இடம் கொடுப்பது இந்த நகரத்தில் இன்றும் ஊர்த்தொடர்பும் அறக்கொடையும்தான். விலையைச் சந்தையிடம் விட்டுவிட்ட நகரம், தர்மசாலைகளின் எண்ணிக்கையைக் கூட்டியாக வேண்டும்.