ஐந்து வாட்டின் வரலாறு

நம் வீடுகளில் இரவு முழுவதும் எரிந்துகொண்டிருந்த பழைய 'ஜீரோ வாட்' பல்பை மூத்தவர் அனைவரும் அறிவர். பெயரளவில்தான் அது ஜீரோ. உண்மையில் பத்து வாட்டுக்கு மேல் மின்சாரம் உண்ணும். அதில் பாதியளவு சக்தியே உடையதும், தம் கையாலேயே பற்றவைத்து முடித்ததுமான ஒரு கருவியைக் கொண்டு, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மற்றொருவருடன் ஒருவர் உரையாட இயலும் என்று கூறினால், கேட்போர் வியப்புறுவர். ஆயினும் நம் பாரத நாட்டிலேயே பலர் இதனை நாள்தோறும் செய்து வருகின்றனர். ஆண்டு மலர்களில் மன்னர் வரலாறும் கோயில் வரலாறும் நிரம்ப வந்துள்ளமையால், இம்முறை இந்தச் சிறு கருவியின் வரலாற்றை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

அமெச்சூர் வானொலி என்பது, ஊதியமோ வாணிபமோ கருதாது, அறிவின்பம் ஒன்றையே கருதி, சர்க்காரின் உரிமம் பெற்று, கம்பியில்லா முறையில் செய்தி அனுப்பியும் ஏற்றும் பழகும் கலையாகும். இதில் ஈடுபட்டோர் உலகெங்கும் 'ஹாம்' என அழைக்கப்படுவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அழைப்புக் குறி உண்டு. இந்திய அமெச்சூர்களின் குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்கும். அனுப்புதல், ஏற்றல் ஆகிய இரு தொழிலையும் ஒரே பெட்டியில் இயற்றும் கருவிக்கு 'டிரான்ஸீவர்' என்று பெயர். தந்திக்காரர்களின் சுருக்கக் குறிகளுள் 'கியூ.ஆர்.பி.' என்பது 'சக்தியைக் குறைக்கவும்' என்னும் பொருளது. நாளடைவில் அதுவே குறைந்த சக்தியில் பேசும் கலைக்குப் பெயராயிற்று. மோர்ஸ் குறிக்கு 5 வாட், பேச்சுக்கு 10 வாட் என்பது அக்கலையினர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட வரம்பு.

இக்கலையின் வேரை நம் நாட்டில் தேடினால் கல்கத்தா நகருக்குச் செல்லவேண்டும். 1890-களில் அங்குப் பிரசிடென்ஸி கல்லூரியில் பேராசிரியராய் இருந்த ஜகதீச சந்திர போஸுக்குத் தக்க ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சிற்றறையில், தாமே பயிற்றிய ஒரு தகர வேலைக்காரரின் துணையுடன் அவர் தம் கருவிகளைச் செய்தார். அக்கருவிகளைக் கொண்டே, சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளால் தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். 1897-ல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிஞர் முன்னிலையில் சொற்பொழிவாற்றியபோதும், தம் கையால் சமைத்த கருவிகளையே எடுத்துச் சென்றார். உள்ளதைக் கொண்டு உருவாக்குதல் என்னும் மரபு நம் நாட்டுக் கம்பியில்லாக் கலைக்குத் தொடக்கத்திலேயே வாய்த்துவிட்டது.

1921-ல் அதே கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து '2 ஜே.கே.' என்னும் குறியுடன் அமெச்சூர் நிலையம் தொடங்கினார். அவரை அடுத்து வந்தவர் முகுல் போஸ். தமிழகமும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. 1924-ல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் 40 வாட் சக்தியுடைய ஒலிபரப்பி ஒன்றை இயக்கினர். பணமுடையால் அக்கழகம் 1927-ல் ஓய்ந்தது. எனினும் அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை நகராண்மைக் கழகம் 1930-ல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. ஆர்வலர் சிலர் இட்ட விதையிலிருந்தே சென்னை வானொலி முளைத்தது என்று கூறுவது மிகையாகாது.

1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அமெச்சூர் உரிமங்கள் அனைத்தும் இரத்தாயின. கருவிகளை ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது. ஆனால் கருவியைப் பறிக்க முடிந்த ஆட்சியினரால், அதைச் செய்யும் அறிவைப் பறிக்க முடியவில்லை. 1942 ஆகஸ்டு மாதம் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சி எழுந்து, தலைவர்கள் சிறைப்பட்டு, செய்தித்தாள்களின் வாய் அடைக்கப்பட்டபோது, பம்பாயில் மறைவிடமொன்றிலிருந்து காங்கிரஸ் வானொலி ஒலிக்கலாயிற்று. கல்லூரி மாணவியாய் இருந்த உஷா மேத்தாவும் தோழர்களும் அதை நடத்தினர். அதற்குரிய ஒலிபரப்பியைச் செய்தளித்தவர், போருக்கு முன் அமெச்சூர் உரிமம் பெற்றிருந்த நரிமான் பிரிண்டர் என்பவர். காவலர் மோப்பம் பிடிக்காதிருக்க, நிலையத்தை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டே இருந்தனர். நவம்பர் 12-ஆம் நாள் அது பிடிபட்டது. கருவியைச் செய்தவரே காவலர் வசப்பட்டு இடத்தைக் காட்டினார் என்பது அவ்வரலாற்றின் கசப்பான பகுதி. உஷா மேத்தா நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்று, 1946-ல் விடுதலையானார்.

அந்நிலையம் பேசிய அலைநீளம் 42.34 மீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் அது ஏறத்தாழ 7.08 மெகாஹெர்ட்ஸ் ஆகும். இன்று அமெச்சூர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ள 40 மீட்டர் பட்டைக்கு உட்பட்ட இடமே அது. அன்று சிறைக்கு இட்டுச் சென்ற அதே அலைவரிசையில் இன்று உரிமம் பெற்றோர் அச்சமின்றிக் காலை வணக்கம் கூறி அளவளாவுகின்றனர். இவ்வுரிமை விலையின்றி வந்ததன்று என்பதை நினைவிற்கொள்ளல் நன்று.

நாடு விடுதலை பெற்றபின், 1948 மே மாதம் மத்திய இந்தியாவிலுள்ள மஹூ என்னும் படைவீட்டு நகரில் இந்திய அமெச்சூர் வானொலிக் கழகம் தோன்றியது. அக்காலத்தில் வெளிநாட்டுக் கருவி வாங்குதல் எளிதன்று. விலையோ மலை, இறக்குமதிக் கட்டுப்பாடோ மதில். ஆதலின் போரில் மிஞ்சிய இராணுவக் கருவிகளைப் பழைய சாமான் கடைகளில் தேடிப்பிடித்துப் பிரித்து, அவற்றின் வால்வுகளையும் கன்டென்சர்களையும் கொண்டு புதிது செய்வதே வழியாயிற்று. வால்வுகளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். கை தவறினால் உயிருக்கே ஆபத்து. பின்னர் டிரான்ஸிஸ்டர் வந்து, 12 வோல்ட் பேட்டரியே போதும் என்ற நிலை தோன்றிய பிறகுதான், சிறுவரும் அஞ்சாது தொடத்தக்க கலையாக இது மாறியது.

இவ்வளவு சிறிய சக்தி எவ்வாறு அவ்வளவு தொலைவு செல்கிறது என்ற ஐயம் எழுவது இயல்பே. தரைக்கு மேல் நூறு முதல் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், கதிரவன் ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்று மண்டலம் ஒன்று உண்டு. சிற்றலைகள் அதில் பட்டு வளைந்து மீண்டும் பூமிக்கு வருகின்றன. 7 மெகாஹெர்ட்ஸ் அலை பகலில் சில நூறு கிலோமீட்டரும், இரவில் அதனினும் பன்மடங்கும் செல்லும். சக்தியைக் குறைப்பதால் நேரும் இழப்பும் நாம் அஞ்சும் அளவினதன்று. கேட்போன் கருவியிலுள்ள அளவைமானியில், சக்தி நான்கில் ஒரு பங்கானால் ஒலி ஒரே படிதான் இறங்கும். 100 வாட்டை 25 ஆக்கினால் ஒரு படி. அதனை 6 ஆக்கினால் மற்றொரு படி. ஒன்பதாம் படியில் கேட்ட குரல் ஏழாம் படியில் கேட்கும், அவ்வளவே. வானம் தெளிந்திருந்து, ஏரியல் உயரத்தில் முறையாகக் கட்டப்பட்டிருந்தால், அக்குரலின் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்னும் பழமொழிக்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ!

எனினும் பேச்சை அனுப்பும் கருவியை வீட்டில் செய்வது நெடுங்காலம் கடினமாகவே இருந்தது. ஒற்றைப் பக்கப்பட்டை முறை என்பது, குரலைச் சுமக்கும் அலையை நீக்கி, அதன் இரு பக்கங்களுள் ஒன்றை மட்டும் அனுப்பும் சிக்கன முறை. அதற்கு நுட்பமான வடிகட்டி வேண்டும். அனுப்புவதற்கு ஒரு தொகுதி, ஏற்பதற்கு மற்றொரு தொகுதி என உறுப்புகள் இரட்டிக்கும். வேலையும் செலவும் உடன் இரட்டிக்கும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த வி.யு.2 இ.எஸ்.இ. அஷ்ஹர் ஃபர்ஹான். 2003-ல் அவர் அமைத்த கருவிக்கு 'பிட்-எக்ஸ்' என்று பெயர். 14 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6 வாட் தரவல்லது.

அதன் சூட்சுமத்தை இரயில்வேக் குடும்பத்தாருக்கு எளிதில் விளக்கலாம். இரட்டைப் பாதை போட வசதியில்லாத பகுதியில் ஒற்றைப் பாதையிலேயே அப் வண்டியும் டவுன் வண்டியும் ஓடுகின்றன அன்றோ? ஒரு நேரத்தில் ஒரு திசைக்கு மட்டுமே டோக்கன் கிடைக்கும். அவ்வாறே பிட்-எக்ஸ் கருவியில் நான்கு படிகங்களாலான ஒரே வடிகட்டி, கேட்கும்போது ஏரியலிலிருந்து வரும் ஒலிக்கும், பேசும்போது வாயிலிருந்து செல்லும் ஒலிக்கும் பொதுவாக நிற்கிறது. அதன் இருபுறமும் உள்ள பெருக்கிகள் இரு திசையிலும் இயங்கவல்லவை. எத்திசைக்கு மின்சாரம் கொடுக்கிறோமோ அத்திசையில் பணி செய்யும். இரட்டைப் பாதையின் வேலையை ஒற்றைப் பாதை முடித்துவிடுகிறது!

அதற்கு வேண்டிய பொருள்களை அவர் தேர்ந்த முறை இன்னும் போற்றத்தக்கது. கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிரான்ஸிஸ்டர்கள். கணினிக் கடைகளில் மலிவாய்க் கிடைக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் படிகங்கள். மின்வழங்கிகளில் சுவிட்சாகப் பயன்படவென்று செய்யப்பட்ட ஓர் உறுப்பே கடைசிப் பெருக்கி. கம்பிச் சுருளைச் சுற்றுவதற்குரிய சிறப்பு வளையம் நம் ஊர்க் கடைகளில் அகப்படாமையால், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரின் மேலேயே சுற்றச் சொன்னார். வரைபடத்தையும் செய்முறையையும் எவரும் எடுத்தாளுமாறு திறந்து வைத்தார். அதைப் பார்த்துப் பல நாட்டினர் தத்தம் வீட்டில் செய்தனர். 2016-ல் 7 மெகாஹெர்ட்ஸுக்குரிய பலகை ஹைதராபாத்திலிருந்தே கடல் கடந்து செல்லலாயிற்று. வெளிநாட்டுக் கருவிக்கு ஏங்கியிருந்த நாடு, வெளிநாட்டார் வாங்கும் கருவியை அனுப்பியது. போஸின் சிற்றறைக்கும் இந்தக் குழாய் வாஷருக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிந்திருப்பினும், உள்ளே ஓடும் அறிவு ஒன்றேயாம்.

கையால் செய்த கருவியை இயக்குவதும் ஒரு தவமே. அறை வெப்பம் மாறினால் அலைவரிசை மெல்ல நகரும். விசிறிக் காற்று பட்டாலும் நகரும். பேசிக்கொண்டிருக்கும் நண்பரின் குரல் கீச்சென்றோ கரகரவென்றோ மாறும். குமிழைச் சற்றே திருகி மீண்டும் அவரைப் பிடிக்கவேண்டும். பின்னாளில் சிறு கணிப்பொறிச் சில்லுகள் இக்குறையைத் தீர்த்தன. ஆனால் முதற் பாடம் மாறவில்லை: பேசுமுன் கேள். பெருஞ்சக்தி உடையவர் பிறர் குரலை அமிழ்த்திப் பேசிவிடலாம். சிறுசக்தி உடையவரோ, அலைவரிசை எப்போது ஓய்கிறது, வானம் எப்போது திறக்கிறது என்று காத்திருந்து, உரிய நொடியில் சுருங்கச் சொல்லிப் பதில் பெறவேண்டும். பொறுமையும் பணிவும் இக்கலையில் தாமே வந்து சேர்கின்றன.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று கேட்போர்க்கு 2004-ஆம் ஆண்டே விடை கூறும். அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஒரு குழு அமெச்சூர் நிலையம் நடத்த அந்தமானில் போர்ட் பிளேர் சென்றிருந்தது. 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசிகள் ஓய்ந்த வேளையில், உயிரோடிருப்போர் பற்றிய செய்திகளை உறவினருக்கு எட்டச் செய்தது அக்குழுவின் குரல். அவர்கள் ஆண்டவை வீட்டில் செய்த சிறு கருவிகள் அல்ல என்பது உண்மையே. ஆயினும் மின்சாரமும் கோபுரமும் வீழ்ந்த நாளில், ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரியில் பல மணி நேரம் இயங்கவும், பழுதுபட்டால் செய்தவராலேயே அவ்விடத்தில் சீராகவும் வல்லது எதுவென்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

2013 ஜூலை மாதம் நம் நாட்டில் பொதுமக்களுக்கான தந்திச் சேவை முடிவுற்றது. இரயில் நிலையத் தந்தி அறைகளில் 'கட்டு கட' என்று ஒலித்த மோர்ஸ் குறி அதற்கு முன்னரே ஓய்ந்துவிட்டது. அக்குறியைக் காதாலேயே படித்த மூத்த ஊழியர்கள் ஒவ்வொருவராய் நம்மை விட்டுப் பிரிகின்றனர். அது இன்னும் உயிரோடு உலவும் இடங்களுள் ஒன்று அமெச்சூர் வானொலி. நம் பிள்ளைகள் கையில் இன்று உலகையே காட்டும் கருவி இருக்கிறது. ஆனால் அதன் மூடியைத் திறக்கவோ, உள்ளே நடப்பதை அறியவோ அவர்களுக்கு வழியில்லை. வாங்கும் கை வளர்ந்து, செய்யும் கை தேய்ந்தால், அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படாமலே போய்விடும்.

ஆதலால் நம் காலனியினர்க்கு ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு வயது நிரம்பியோர் உரிமத் தேர்வு எழுதலாம். மோர்ஸ் அறியாதவரும் பெறத்தக்க ஒரு தரமும் உண்டு. சங்கத்தின் படிப்பறையில் ஒரு மேசையும், பற்றவைக்கும் கோலும், மாடியில் ஒரு முழக் கம்பமும் இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். உரிமம் கிட்டும்வரை கேட்கும் கருவியைச் செய்து கேட்கலாம். சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்குத் தொலைவு என்பது புதிதன்று. அத்தொலைவைத் தாம் செய்த பெட்டியால் கடந்தோம் என்று நம் பிள்ளைகள் ஒருநாள் கூறக் கேட்பின், அதனினும் இனிய ஒலி நமக்கு வேறில்லை.