திரினிலின் இரலை

மான் என்னும் ஒரே சொல்லால் இன்று நாம் பல விலங்குகளைக் குறித்துவிடுகிறோம். பழந்தமிழர் அவ்வாறு செய்யவில்லை. நவ்வி, உழை, புல்வாய் எனப் பிரித்து வழங்கினர். அவற்றின் குட்டிக்கு மறி என்னும் இளமைப்பெயர் உரியது என மரபியலில் தொல்காப்பியர் வகுத்துரைத்தார். விலங்கியலார் காணும் தலையாய வேறுபாடு கொம்பில் உள்ளது. ஜொகூரின் காடுகளில் வாழும் கடமானின் கிளைக்கொம்பு விழுந்து மீண்டும் முளைக்கும். இரலைக்கோ எலும்புத் தண்டின்மேல் உறையாக அமைந்த கிளையற்ற கொம்பு. அது வாழ்நாள் முழுதும் விழாது. மண்ணுள் உறை அழிந்தாலும் தண்டு கல்லாகி நிலைக்கும்.

இன்று மலாயாத் தீபகற்பத்துக் காடுகளில் இரலை இல்லை. மலைப்பாறைகளில் திரியும் 'கம்பிங் குருன்' ஆட்டினத்தோடு சேர்த்து எண்ணப்படுவது. ஆயினும் பன்னெடுங்காலத்துக்கு முன் இரலை இங்கும் வாழ்ந்தது. அதன் கதை ஜாவாவில் தொடங்குகிறது.

மனிதனின் மூதாதையைத் தேடியே டச்சு மருத்துவர் யூஜின் டுபுவா 1887இல் சுமத்திராவுக்கு வந்தார். 1890இல் ஜாவா சென்றார். 1891இல் சோலோ ஆற்றங்கரையில் திரினில் என்னுமிடத்தில் அகழ்வு தொடங்கிற்று. மண்ணை அகழ்ந்தவர்கள் கைதிகள். அவர்கள் பெயரை எந்த விலங்கும் தாங்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அங்குக் கிடைத்த மண்டையோடே 'ஜாவா மனிதன்' என உலகப் புகழ் பெற்றது. அவனுடன் புதைந்திருந்த விலங்குகளைப் பற்றி அறிந்தோர் சிலரே.

அவற்றுள் ஒன்று இந்த இரலை. இதனை இன்னதெனத் துணிவது எளிதாக இருக்கவில்லை. செலிபிஸ் தீவில் வாழும் சிற்றெருமையான அனோவாவின் இனமெனக் கருதி, 1891இல் 'அனோவா சன்டெங்' எனப் பெயரிட்டார் டுபுவா. அதே ஆண்டில் இவ்விலங்கின் வேறு எச்சங்களை இந்தியாவின் நாற்கொம்பு மானோடு சேர்த்து, வேறு பெயரும் சூட்டினார். ஒரே விலங்குக்கு இரு பெயர், இரண்டும் பொருந்தவில்லை. அறியாத ஒன்றை அறிந்த பெயருக்குள் அடைக்கும் வழக்கம் அறிஞரையும் விடுவதில்லை போலும். செலென்கா அம்மையாரின் குழு 1907-08இல் திரினிலில் மீண்டும் அகழ்ந்தது. அக்குழுவின் சேகரத்தை ஆராய்ந்த ஜெர்மானியர் ஸ்ட்ரெம்மே, 1911இல் இதனைத் தனிப் பேரினமாக்கி 'டுபுவாசியா' என்றார்.

எனினும் இரண்டாம் பெயர் முற்றும் பிழையன்று. இவ்விரலையின் நெருங்கிய உறவினராக இன்று உயிரோடிருப்பவை இரண்டே: நீலகாயும் நாற்கொம்பு மானும். இரண்டுக்கும் தாயகம் இந்தியத் துணைக்கண்டம். பின்னது தமிழகத்து முதுமலையிலும் உண்டு. ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள டுபுவாசியா, புல் மேய்ந்ததன்று. இலை தழை தின்று மரச்செறிவினுள் வாழ்ந்தது எனப் பற்களின் தேய்வைக் கொண்டு 2013இல் ஆய்வாளர் கண்டனர்.

இந்தியாவில் உறவு, ஜாவாவில் எலும்பு. இடைவழிக்குச் சான்று உண்டா? பேராக்கில், ஈப்போவுக்கு அருகே தம்பூன் சுண்ணாம்புக் குகையொன்றில், வெள்ளீயம் கலந்த படிவிலிருந்து விலங்கெச்சங்கள் கிடைத்தன. 1962இல் அவற்றை ஆராய்ந்த ஹொய்யர், நீர்யானையோடும் பழைய யானையோடும் டுபுவாசியாவையும் இனங்கண்டார். தம்பூன் என்றவுடன் குகை ஓவியங்களையே நினைப்போம். இவ்வெச்சங்கள் அவற்றினும் மிகப் பழையன.

பேராக்கிலிருந்து ஜாவாவுக்கு இன்று கடல் கடக்க வேண்டும். ஆனால் ஜாவாக் கடலின் சராசரி ஆழம் 50 மீட்டருக்கும் குறைவு. பனியூழிகளில் நீர் பனியாக உறைந்தபோது கடல் வடிந்தது. இறுதிப் பனியூழியின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. இத்தகைய காலங்களில் தீபகற்பம், சுமத்திரா, ஜாவா, போர்னியோ யாவும் சுண்டா என்னும் ஒரே நிலம். அப்போது ஜொகூர் நிலமுனையன்று, அந்நிலத்தின் நடுப்பகுதி. ஜொகூர் நீரிணையும் நடந்து கடக்கும் தரையே.

ஜாவாவின் பிற்காலப் படிவுகளில் டுபுவாசியா இல்லை. டுபுவா சேர்த்தவை நூறாண்டுக்கு மேல் நெதர்லாந்தின் லைடன் நகரிலேயே இருந்தன. 28,000க்கு மேற்பட்ட அவ்வெச்சங்களை இந்தோனேசியாவிடம் திருப்பி அளிப்பதாக அந்நாட்டரசு 2025 செப்டம்பரில் அறிவித்தது. செய்தித்தாள்கள் மண்டையோட்டைப் பற்றியே எழுதின.