தேயிலைச் சரிவில் மிதிவண்டித் தடம்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரப்பர்த் தோட்டங்களையே முதலில் நினைப்பர். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்கள் அவ்வரலாற்றின் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. இன்று அம்மலையை நாடிச் செல்வோருள் மலைமிதிவண்டி ஓட்டுநரும் உளர். அவர்தம் சக்கரங்கள் உருளும் மண்பாதைகள் எவ்வாறு பிறந்தன என்று ஆராயின், விளையாட்டின் வரலாறும் உழைப்பின் வரலாறும் அங்கே ஒன்றாகக் கிடப்பது புலனாகும்.

மலைமிதிவண்டிப் பந்தயம் மிக இளையது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் வட்டாரத்து இளைஞர் சிலர் 1976 அக்டோபரில் பழைய மிதிவண்டிகளை மலையுச்சிக்குக் கொண்டு சென்று, கீழ்நோக்கி ஓட்டிப் போட்டியிட்டனர். காட்டுத்தீயை அணைக்கச் செல்வோருக்காக வெட்டப்பட்ட மண்சாலையே அவர்களது களம். 1990இல் கொலராடோவின் துராங்கோ நகரில் முதல் உலக வாகையர் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நெடுவழிப் பந்தயம் இடம்பெற்றது. நெதர்லாந்தின் பார்ட் பிரெந்யன்சும் இத்தாலியின் பவுலா பெட்சோவும் முதல் தங்கங்களை வென்றனர்.

இப்பந்தயத்தில் ஓட்டுநர் சில கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சுற்றைப் பலமுறை கடந்தாக வேண்டும். ஏற்றத்தில் மூச்சும், இறக்கத்தில் துணிவும், ஒற்றையடிப் பாதையில் நிதானமும் வேண்டும். பாதை குறுகிய பின் முன்செல்வோரை முந்துவது அரிதாதலால் தொடக்கத்திலேயே கடும் போட்டி எழும். இவற்றுக்கு ஏற்ற களம் யாது? செங்குத்தாயினும் ஏறக்கூடிய சரிவு, வளைந்து வளைந்து செல்லும் வழி, மழையிலும் கரைந்து போகாத மண்தடம். தேயிலைத் தோட்டத்தில் இம்மூன்றும் உள்ளன. ஆயினும் அவை இயற்கை தந்தவை அல்ல.

கேமரன் மலைப்பகுதியை அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் ஆராய்ந்தார். அவருக்கு நெடுங்காலம் முன்பே செமாய் முதலிய பழங்குடியினர் அக்காடுகளில் தமக்கென வழிகள் கண்டிருந்தனர். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னரே மலைவாழிடம் அமைக்கும் பணி விரைவுற்றது. அடுத்த ஆண்டு தாப்பாவிலிருந்து மேலேறும் சாலைப்பணி தொடங்கிற்று. மழையோடும் மலேரியாவோடும் போராடிய தொழிலாளர் அதனை முடிக்க ஏறத்தாழ ஐந்தாண்டுகள் சென்றன. இதற்கிடையே 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை அழித்துத் தோட்டமாக்கிய பணியில் நீராவியால் இயங்கும் சாலை உருளை ஒன்றும் கோவேறு கழுதைகளும் துணைநின்றன. எஞ்சிய அனைத்தும் மனிதக் கரங்களின் வேலையே. அக்கரங்களுள் பெரும்பங்கு தமிழருடையவை.

தோட்டத்துக்கு இத்தனை பாதைகள் எதற்கு? பறித்த கொழுந்து நெடுநேரம் குவிந்து கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். அன்றன்றே அது ஆலையை அடைய வேண்டும். ஆதலால் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு வழி வேண்டியதாயிற்று. சுமையோடு ஏறவும் இறங்கவும் இயலுமாறு அவ்வழிகளை மலையைச் சுற்றி வளைத்து வெட்டினர். கனமழை மண்ணை அரித்துச் செல்லாதிருக்கக் கான் வெட்டினர். கான் தூர்ந்தால் பாதையும் போகும், செடியும் போகும். ஆகவே அப்பணி ஒருநாளும் ஓயவில்லை. இன்று ஓட்டுநர் ஒருவர் வளைவில் சறுக்காமல் திரும்புகிறார் எனின், அத்தடத்தில் நீர் தேங்காதிருப்பதும் ஒரு காரணமன்றோ?

தேயிலை மலைகள் பந்தயக் களங்களாவது இன்று புதுமையன்று. 1996இல் தொடங்கிய லங்காவி மிதிவண்டிப் போட்டி தார்ச்சாலைப் பந்தயமே. எனினும் 2016இல் அதன் ஒரு கட்டம் கேமரன் மலையில் முடிவுற்றது. கொலம்பியாவின் மிகேல் ஏஞ்சல் லோபஸ் அதில் முதலிடம் பெற்றார். தேயிலை விளையும் கேரளத்துப் பொன்முடி மலையில் 2023 அக்டோபரில் ஆசிய மலைமிதிவண்டி வாகையர் போட்டி நடந்தது; இந்திய மண்ணில் அப்போட்டி நடந்தது அதுவே முதன்முறை.

மலேசியத் தமிழர் மிதிவண்டிப் பந்தயத்துக்கு அயலாரும் அல்லர், மு. குமரேசன் மலேசியாவின் சார்பில் ஒலிம்பிக் களம் கண்டவர். ஆயினும் தேயிலைத் தோட்டங்களில் தமிழரின் தொகை சுருங்கிவிட்டது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. பின்வந்த தலைமுறையினர் கல்வியையும் வேறு தொழிலையும் நாடி வெளியேறினர். இன்று கொழுந்து பறிப்போருள் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுதி. மக்கள் சென்றுவிட்டனர், அவர்கள் வெட்டிய வழி நிற்கிறது.

பந்தயத்தில் வென்றவர் பெயர் ஏட்டில் ஏறும். அது முறையே. பாதை வெட்டியவர் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. பெயர்களை மீட்பது இனி அரிது. செயலை நினைவுகூர்வது அரிதன்று. இத்தகைய தோட்டங்களில் போட்டி நடத்துவோர் தொடக்கக் கோட்டருகே ஒரு பலகை நட்டு, இவ்வழி எவரால், எதற்காக வெட்டப்பட்டது என்று எழுதி வைக்கலாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்கும் இடத்தை மட்டுமன்றி, ஓடும் இடத்தையும் அளிக்கலாம். பாட்டன் வெட்டிய பாதையில் பேரன் முந்திச் செல்வதைக் காட்டிலும் தக்க நன்றிக்கடன் வேறு யாது?