ஆய்வுக்கூடம் ஓய்ந்த ஒரு நாள்

அமெரிக்க நாட்டில், சார்லஸ் ஆற்றங்கரையில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்றொரு புகழ்பெற்ற கல்விச்சாலை இருக்கிறது. 1861ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அக்கழகத்தில், 1969ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4ஆம் நாளன்று, ஆசிரியர்களும் மாணவர்களுமாகப் பலர் தம் ஆராய்ச்சி வேலையை ஒரு நாள் நிறுத்தி வைத்தனர். ஊதிய உயர்வோ விடுமுறையோ அவர்கள் கேட்கவில்லை. தாங்கள் ஆக்கும் பொருள்கள் மனித சமுதாயத்துக்கு நன்மை செய்கின்றனவா, தீமை செய்கின்றனவா என்று கூடிச் சிந்திப்பதற்கே அந்நாளை ஒதுக்கினர். அவ்வொரு நாள் எவ்வாறு வந்தது, அதன் பின் என்ன விளைந்தது என்பதை நேயர்களுக்கு எடுத்துக் கூற விழைகிறேன்.

அவ்வினாவுக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் நார்பர்ட் வீனர். அக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களை வீழ்த்தும் பீரங்கிகளுக்குக் குறி கணிக்கும் முறையை ஆராய்ந்தவர். போர் முடிந்த பின், ஏவுகணை வேலையில் ஈடுபட்டிருந்த ஒருவர் அவ்வாராய்ச்சிக் கட்டுரையின் பிரதி ஒன்றைக் கேட்டார். வீனர் கொடுக்க மறுத்தார். மறுத்ததற்குரிய காரணத்தை 1947 ஜனவரியில் ‘அட்லாண்டிக் மந்த்லி’ என்னும் இதழில் வெளியிட்டார். 1949இல் மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தருக்கு மடல் எழுதி, தாமே இயங்கும் யந்திரங்கள் தொழிற்சாலைகளில் புகுந்தால் பெருந்திரளானோர் வேலையிழப்பர் என எச்சரித்தார். ஆயினும் அஃது அன்று ஒரு தனி மனிதரின் குரலாகவே ஒலித்தது.

இருபது ஆண்டுகள் சென்றன. வியத்நாம் போர் மூண்டெரிந்த காலம். கழகத்தின் கருவியியல் ஆய்வுக்கூடம் அப்போது மிகப் பெரியதாக வளர்ந்திருந்தது. 1969 ஜூலையில் மனிதர் இருவரைச் சந்திரனில் இறக்கிய அப்பல்லோ கலத்துக்கு வழிகாட்டும் கணினியை வடிவமைத்தது அக்கூடமே. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து அணுகுண்டைச் சுமந்து பாயும் பொசைடன் ஏவுகணைக்கு வழிகாட்டும் அமைப்பை உருவாக்கியதும் அக்கூடமே. கணக்கு ஒன்றுதான்; அது சென்று சேரும் இடந்தான் வேறு. இந்த முரண்பாடு இளம் மாணவர்களின் மனத்தை உறுத்தியதில் வியப்பென்ன?

1968ஆம் ஆண்டின் இறுதியில், பேராசிரியர்கள் ஏறத்தாழ 50 பேர் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். விஞ்ஞானத் திறனை ஆயுதங்களிலிருந்து விலக்கி, சுற்றுச்சூழலையும் சமுதாயத்தையும் வருத்தும் குறைகளைத் தீர்க்கத் திருப்ப வேண்டும் என்றும், அழிவுக் கருவிகளை ஆக்கும் வேலையில் சேருமுன் மாணவர்கள் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்றும் அவர்கள் வேண்டினர். குறித்த நாளில், கிரெஸ்கே மண்டபத்தில் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. நோபல் பரிசு பெற்ற உயிரியல் அறிஞர் ஜார்ஜ் வால்ட், தமக்கு எதிர்காலம் உண்டா என்றே ஐயுறும் இளந்தலைமுறையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். எல்லாரும் இதற்கு இசைந்தாரல்லர். வழக்கம்போல் வேலை செய்தவர்களும் இருந்தனர்.

விளைந்தது என்ன? அக்கறையுள்ள விஞ்ஞானிகள் ஒன்றியம் என்னும் அமைப்பு அவ்வாண்டே தோன்றி, இன்றும் பணியாற்றி வருகிறது. கருவியியல் ஆய்வுக்கூடம் 1973இல் கழகத்தினின்றும் பிரிக்கப்பட்டது. இதனை வெற்றி என்று சொல்லலாமா? ஆயுத வேலை நிற்கவில்லை. கழகத்தின் வாயிலுக்கு வெளியே சென்றது, அவ்வளவே. நாட்டின் பாதுகாப்புக்கென 1951இல் தொடங்கிய லிங்கன் ஆய்வுக்கூடம் இன்னும் கழகத்தோடுதான் இருக்கிறது.

நிலைத்த பயன் வகுப்பறையில் கிட்டியது. 1976இல் விஞ்ஞானம், தொழில்நுட்பம், சமுதாயம் ஆகிய மூன்றையும் இணைத்துக் கற்பிக்கும் துறை அங்கே நிறுவப்பெற்றது. கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம், கணினியிடம் ஒப்படைக்கத் தகாத தீர்ப்புகள் மனிதனுக்கு உண்டு என்று நூல் எழுதியதும் அவ்வாண்டே. 2019இல் தொடங்கிய ஷ்வார்ஸ்மன் கணினிக் கல்லூரியில், கணினி கற்போருக்கு அதன் சமுதாயப் பொறுப்பையும் பாடத்தோடு சேர்த்துப் புகட்ட ஏற்பாடு செய்திருக்கின்றனர்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் யாவரும் ஒன்றை அறிவர். பாடக் குறிப்பு எழுதும்போது, ‘நோக்கம்’ என்பதை முதலில் எழுதாமல் எந்த ஆசிரியரும் கரும்பலகையின் முன் நிற்கக் கூடாது. ஒரு மணி நேரப் பாடத்துக்கே இவ்விதி உண்டென்றால், பல்லாயிரவர் வாழ்வை மாற்றும் யந்திரத்துக்கு அது வேண்டாவா? ஒரு கருவி சந்தைக்கு வந்து, தொழில்கள் அதனைச் சார்ந்து நின்ற பிறகு நோக்கத்தை வினவினால், கேட்பதற்கு ஆளிருக்கும், மாற்றுவதற்கு வழியிராது.

நம் பொறியியற் கல்லூரிகளிலும் செயற்கை அறிவைக் கற்பிக்கும் வகுப்புகள் பெருகி வருகின்றன. பாலம் கட்டுவோருக்குப் பாரம் கணிக்கக் கற்பிப்பதுபோலவே, யந்திரம் படைப்போருக்கு அது யார் தோளில் பாரமாய் இறங்கும் என்று கணிக்கவும் கற்பித்தல் வேண்டும். அப்பாடத்தை நம் பிள்ளைகள் பட்டம் பெறுமுன்னரே படித்துவிடட்டும்.