புல்தைலத்தின் வயது

தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் எது இல்லாவிட்டாலும் ஒரு சிறு குப்பி புல்தைலம் இருக்கும். தலைபாரத்துக்குக் கொதிநீரில் இரண்டு துளி விட்டு ஆவி பிடிப்பது, மூட்டுவலிக்குத் தேங்காயெண்ணெயில் கலந்து தேய்ப்பது, வயிறு உப்பினால் சர்க்கரையில் ஒரு துளி விட்டு விழுங்குவது, தரை கழுவும் நீரில் கலப்பது என எல்லாவற்றுக்கும் அதுவே. ‘ஆதிகாலந்தொட்டு உள்ள மருந்தாக்கும்’ என்பார் பாட்டி. வகுப்பில் நானும் அப்படியே சொல்லிவந்தேன். தேடிப் பார்த்தபோது அதில் பாதிதான் மெய் என்று தெரிந்தது.

மணப்புல் பழையதுதான். ஆய் அண்டிரனை ஏணிச்சேரி முடமோசியார் பாடிய புறநானூற்றுப் பாடல் (132), நரந்தை என்னும் நறும்புல்லை மேயும் கவரியை இமயத்தில் காட்டுகிறது. தெற்கே ஆய்குடி இல்லையேல் உலகம் நிலைபிறழும் என்றும் சொல்கிறது. அந்த ஆய் மரபில் வந்த கருநந்தடக்கன், 9-ஆம் நூற்றாண்டில் 95 சட்டர்களுக்குச் சாலை அமைத்த பார்த்திவசேகரபுரம் எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. நரந்தை நம் தைலப்புல்தானா என்று அறுதியிட முடியாது. ஆயினும் மணக்கும் புல்லுக்குத் தமிழில் தனிப்பெயர் இருந்தது என்பதில் ஐயமில்லை.

தைலத்தின் கதை வேறு. இலையைக் கொதிக்கவைத்துக் குடிநீராக்க ஒரு சட்டி போதும். தைலம் இறக்கப் பெரிய வாலை வேண்டும், விறகு வேண்டும், மலைச்சரிவில் புல்லறுக்க ஆட்கள் வேண்டும். நூறு கிலோ பச்சைப்புல்லில் அரைக்கிலோ தைலம் கிடைப்பதே அரிது. அது வீட்டு மருத்துவத்தின் அளவன்று, வாணிபத்தின் அளவு. திருவிதாங்கூரில் அத்தொழில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அஞ்சுதெங்கை ஒட்டிய பகுதிகளில் பெருகியது.

அந்நூற்றாண்டின் நடுவில் திருவிதாங்கூர் அரசரின் மருத்துவராக இருந்தவர் எட்வர்ட் ஜான் வாரிங். அவர் தொகுத்து 1868-இல் வெளிவந்த இந்திய மருந்துநூலில் புல்தைலம் இடம்பெற்றது. வயிற்றுப் பொருமலுக்கும் வாந்திபேதிக்கும் உள்ளே சில துளிகள், வாதவலிக்கு மேற்பூச்சு. ஏறக்குறைய பாட்டியின் பட்டியலேதான் இது! வாரிங் நம் வீடுகளிலிருந்து கற்றாரா, நம் வீடுகள் மருந்துச்சாலைகளிலிருந்து கற்றனவா? இரண்டும் நடந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு புது வடிவம் பழைய இலையறிவின்மேல் வந்து அமர்ந்து, இரண்டு மூன்று தலைமுறைகளில் தானும் ஆதிகாலத்ததாகிவிட்டது.

தைலத்தின் மணத்துக்குக் காரணம் சிட்ரால். 1893-இல் ஜெர்மனியில் டீமானும் க்ரூகரும் சிட்ராலிலிருந்து அயனோன் என்னும் வயலட் பூவின் வாசனைப்பொருளை ஆக்கினர். எங்கள் சரிவுகளின் புல் ஐரோப்பாவில் வேறொரு பூவாக மணந்தது. பின்னர் வைட்டமின் ஏ தயாரிப்புக்கும் அதே சிட்ரால் மூலப்பொருளாயிற்று. 1951-இல் ஓடக்காலியில் இப்புல்லுக்கென்றே ஆய்வுநிலையம் தொடங்கினார்கள். ஆலைகளில் செயற்கைச் சிட்ரால் வந்ததும் அந்தச் சந்தை சரிந்தது. உலகச் சந்தை கைவிட்ட பிறகும் குப்பி எங்கள் அலமாரியில் இருந்தது.

சிட்ரால் பூஞ்சைகளையும் பல கிருமிகளையும் ஒடுக்குவது ஆய்வகங்களில் காணப்பட்டிருக்கிறது. ஆனால் கலக்காத தைலம் தோலை எரிக்கும். சிலருக்கு ஒவ்வாமை தரும். குழந்தைகளுக்கு உள்ளே கொடுப்பது ஆபத்து. வாந்திபேதிக்கு முதல் மருந்து உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர்தானே தவிர, தைலத்துளி அன்று. வாரிங்கின் காலத்தில் இது தெரிந்திருக்கவில்லை. நமக்குத் தெரியும். தெரிந்தபின்னும் ‘பழைய மருந்து’ என்ற ஒரே காரணத்தால் கொடுத்தால், அது பாட்டிக்குச் செய்யும் மரியாதையாகாது.

ஒரு மருந்து நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது என்பதில் இழிவொன்றும் இல்லை. மழைநாளில் இப்போதும் நான் அந்தத் தைலத்தில்தான் ஆவி பிடிக்கிறேன். ‘ஆதிகாலந்தொட்டு’ என்று வகுப்பில் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன்.