தாய்லாந்து மசாஜா, ஸ்ரெச்சிங்கா? பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐந்து நாளில் சர்வதேசச் சான்றிதழ், படித்து முடித்ததும் வெளிநாட்டில் வேலை. இத்தகைய விளம்பரங்கள் சமூக வலைத்தளங்களில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவற்றில் இரண்டு கற்கைநெறிகள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று தாய்லாந்து மசாஜ். மற்றையது 'அசிஸ்ரட் ஸ்ரெச்சிங்', அதாவது ஒருவரின் கை கால்களை இன்னொருவர் பிடித்து, தசைகளை முறையாக நீட்டிவிடும் துணை நீட்சிப் பயிற்சி.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் வாடிக்கையாளர் உடை அணிந்தபடியே இருப்பார். எண்ணெய் இல்லை. பயிற்சியாளர் காலை மடக்குவார், கையை இழுப்பார், முதுகைத் திருப்புவார். ஆனால் இவற்றைக் கற்பதற்கான காலம், செய்பவரின் உடலுக்கு வரும் சுமை, சான்றிதழ் செல்லுபடியாகும் நாடுகள், சட்டம் எல்லாம் வெவ்வேறானவை. நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் ஒருவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

தாய்லாந்து மசாஜின் பின்னணி

தாய் மொழியில் இதற்கு 'நுவாட் தாய்' என்று பெயர். 2019 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பாங்கொக்கில் உள்ள வாட் போ விகாரை இதன் முக்கியமான கல்விக்கூடம். மூன்றாம் ராமா மன்னர் 1830களில் அங்கு மருத்துவ அறிவைக் கல்வெட்டுகளாகப் பொறிக்கச் செய்தார். அழுத்தப் புள்ளிகளைக் காட்டும் மனித உருவப் பலகைகளும் அவற்றில் அடங்கும். இக்கல்வெட்டுகள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. புத்தரின் வைத்தியராகப் பௌத்த நூல்கள் கூறும் ஜீவகரையே இந்த மரபினர் தங்கள் ஆதிகுருவாக வணங்குகின்றனர்.

உடலில் 'சென்' எனப்படும் பத்து முதன்மைப் பாதைகள் ஓடுகின்றன என்பது இதன் அடிப்படைக் கொள்கை. அவற்றில் முதல் மூன்றின் பெயர்கள் இத்தா, பிங்கலா, சுமனா. சித்தர் மரபை அறிந்த தமிழருக்கு இடகலை, பிங்கலை, சுழுமுனை உடனே நினைவுக்கு வரும். இந்தியாவிலிருந்து சென்ற யோக, மருத்துவக் கருத்துகள் அங்கு வேறு உருவம் எடுத்ததன் அடையாளம் இது. உடற்கூற்றியல் இந்தப் பாதைகளை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் எங்கே அழுத்துவது, எந்த ஒழுங்கில் செல்வது என்பதற்கு அவை இன்றும் வரைபடமாகப் பயன்படுகின்றன.

இம்மரபில் இரண்டு பிரிவுகள் உண்டு. அரச முறையில் கைகளும் பெருவிரல்களும் மட்டுமே பயன்படும், அடக்கமும் இடைவெளியும் பேணப்படும். பொதுமக்கள் முறையில் முழங்கை, முழங்கால், பாதம் எல்லாம் பயன்படும், நீட்டல்களும் அதிகம். வெளிநாட்டவர் படிக்கும் குறுகிய கற்கைநெறிகளில் பெரும்பாலும் இரண்டாவது முறையே கற்பிக்கப்படுகிறது.

துணை நீட்சி எங்கிருந்து வந்தது?

இதன் வேர் மருத்துவமனையில் இருக்கிறது. 1940களில் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஹேர்மன் கபாட், இளம்பிள்ளைவாதம் போன்றவற்றால் தசை இயக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு முறையை வகுத்தார். அவருடன் இயங்கிய மார்கரெட் நொட், டொரதி வொஸ் ஆகிய இயன்மருத்துவர்கள் அதை வளர்த்து 1956இல் நூலாக்கினர். பி.என்.எவ். என்று அழைக்கப்படும் அந்த முறையில், நீட்டப்படும் தசையை வாடிக்கையாளர் சில விநாடிகள் எதிர்த்து இறுக்க வேண்டும். பிறகு தளர்த்தும்போது பயிற்சியாளர் காலையோ கையையோ இன்னும் சற்று முன்னே கொண்டு செல்வார். பின்னர் இது விளையாட்டு வீரர்களிடம் பரவியது. அமெரிக்காவில் ஆன் பிரெடரிக், கிறிஸ் பிரெடரிக் தம்பதியர் தசையுறை நீட்சி முறையைத் தனிப் பயிற்சிநெறியாக்கினர். 2015இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஸ்ரெச்லாப் போன்ற கிளை நிறுவனங்கள் இதைச் சாதாரண வாடிக்கையாளரிடம் கொண்டுபோயின.

நீட்டினால் தசை உடனே நீளமாகிவிடும் என்று விளம்பரம் சொல்லும். சில வாரப் பயிற்சியில் அசைவு கூடுவதற்கு, இழுவையை உடல் தாங்கிக்கொள்ளப் பழகுவதே பெரிய காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே தசையை 60 விநாடிக்கு மேல் நீட்டிப் பிடித்துவிட்டு உடனே ஓடினாலோ பாய்ந்தாலோ வேகமும் வலுவும் சற்றுக் குறையக்கூடும். இவற்றைச் சொல்லித்தரும் பயிற்சிநெறி நேர்மையானது. எல்லா வலியையும் போக்கும் என்று சொல்லும் நெறியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

செய்பவரின் உடல்

தாய்லாந்து மசாஜ் தரையில் விரித்த மெத்தையில் நடப்பது. ஒரு அமர்வு ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் வரை நீளும். செய்பவர் முழங்காலில் நின்று, தன் உடற்பாரத்தைச் சாய்த்து அழுத்த வேண்டும். பாரத்தைப் பயன்படுத்தத் தெரியாமல் விரல் வலுவால் அழுத்துபவருக்கு பெருவிரல் மூட்டும் மணிக்கட்டும் விரைவில் பழுதாகும். முழங்கால் நோ உள்ளவர்களுக்கு இது கடினமான தொழில்.

துணை நீட்சி பெரும்பாலும் உயர்ந்த மேசையில், பட்டிகளின் உதவியோடு நடக்கும். அமர்வும் குறுகியது, அரை மணி முதல் ஒரு மணித்தியாலம். விரல்களுக்குச் சுமை குறைவு. ஆனால் கனமான கால்களைத் திரும்பத் திரும்பத் தூக்குவதால் முதுகும் தோளும் களைக்கும்.

மணித்தியாலக் கணக்கு

வாட் போ பாடசாலையின் அடிப்படைக் கற்கைநெறி 30 மணித்தியாலம், ஐந்து நாள். இதை முடித்தவர் ஒரு முழு அமர்வின் ஒழுங்கைக் கற்றிருப்பார், அவ்வளவே. தாய்லாந்திலேயே ஸ்பாவில் சட்டப்படி பணியாற்றுவதற்கு அந்நாட்டுச் சுகாதார அமைச்சு ஏற்றுக்கொண்ட 150 மணித்தியாலப் பாடத்திட்டம்தான் வழமையான அடிப்படை. நோய் தீர்க்கும் நோக்கிலான மசாஜுக்கு அதைவிடப் பல மடங்கு பயிற்சி வேண்டும்.

துணை நீட்சியில் பல நெறிகள் சில நாட்களில் முடிந்துவிடும். அவை ஏற்கெனவே உடற்கூற்றியல் படித்த இயன்மருத்துவர், உடற்பயிற்சி ஆலோசகர், மசாஜ் தொழில்செய்பவர் ஆகியோரை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. எதுவும் படிக்காத ஒருவர் அதை முதற்படியாக எடுத்தால் தசைகளின் பெயர்களில் தடுமாறியே காலம் போய்விடும்.

சான்றிதழ் எங்கே செல்லும்?

முதலில் தாய்லாந்து. 2020இல் அந்நாட்டுத் தொழில் அமைச்சு வெளியிட்ட பட்டியலில், வெளிநாட்டவருக்கு முற்றாகத் தடைசெய்யப்பட்ட தொழில்களில் தாய்லாந்து மசாஜும் ஒன்று. அங்கே போய்ப் படிக்கலாம். ஆனால் அங்கே அந்த வேலையைச் செய்ய முடியாது. எனவே 'பயிற்சி முடித்ததும் தாய்லாந்திலேயே மசாஜ் வேலை' என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வது நல்லது. தாய்லாந்தில் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இலங்கையர் மியன்மாரின் மியாவடி இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட செய்திகளை நாம் மறந்துவிடக்கூடாது. வெளிநாட்டு வேலை எதுவாயினும் முகவர் உரிமம் பெற்றவரா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்க வேண்டும்.

கனடாவின் ஒன்ராறியோவில் மசாஜ் சிகிச்சையாளர் என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பட்டம். நீண்டகால டிப்ளோமாவும் பரீட்சையும் இன்றி அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாது, காப்புறுதிக்குரிய பற்றுச்சீட்டும் பெரும்பாலும் அவர்களுடையதே ஏற்கப்படும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் மசாஜுக்கு உரிமம் கேட்கின்றன. துணை நீட்சி அந்த உரிமத்துக்குள் வருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பிரித்தானியாவில் நாடு தழுவிய கட்டாயப் பதிவு இல்லை, ஆனால் சில உள்ளூராட்சி மன்றங்கள் மசாஜ் நிலையங்களுக்கு அனுமதி கேட்கும், காப்புறுதி நிறுவனமும் தகைமையைப் பார்க்கும். ஆகவே புலம்பெயர் உறவினர் 'இங்கே வந்தால் வேலை இருக்கு' என்று சொல்வதை மட்டும் நம்பிப் படிக்கக்கூடாது.

இலங்கையில் பயிற்சி நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்றதா, கற்கைநெறி தேசிய தொழில் தகைமையின் எந்த மட்டத்துக்குரியது என்று பார்க்க வேண்டும். 'சர்வதேசச் சான்றிதழ்' என்ற சொல்லுக்குத் தனியாகப் பெறுமதி எதுவும் இல்லை. வேலைக்குச் சேரும் நிலையமும் முறையாகப் பதிவானதா என்று விசாரிப்பது அவசியம். ஸ்பா என்ற பெயரில் இயங்கிய சில இடங்கள் பொலிஸ் சுற்றிவளைப்புக்கு உள்ளானதால், நேர்மையாக இத்தொழிலைச் செய்யும் பெண்கள் சந்தேகப் பார்வையைச் சுமக்கிறார்கள். எல்லை மீறும் வாடிக்கையாளரை எப்படி நிறுத்துவது, நிர்வாகம் யார் பக்கம் நிற்கும் என்பதும் பாடத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

தொடக்கூடாத இடம் தெரிய வேண்டும்

நல்ல கற்கைநெறியை அடையாளம் காண ஒரு எளிய வழி, யாருக்குச் செய்யக்கூடாது என்று எத்தனை மணித்தியாலம் கற்பிக்கிறார்கள் என்று கேட்பது. காலின் ஆழ்நாளங்களில் குருதி உறைந்தவர்கள், கட்டுப்பாடற்ற உயர் குருதி அமுக்கம் உள்ளவர்கள், என்பு பலவீனமடைந்த முதியோர், பாதத்தில் உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளர், செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குத் தனிக் கவனமோ வைத்தியரின் அனுமதியோ வேண்டும். தாய்லாந்து மசாஜில் தொடை இடுக்கின் நாடியைச் சில விநாடி அழுத்தி விடும் ஒரு நுட்பம் உண்டு. அதை இருதய நோயாளரிடம் செய்யக்கூடாது. மூட்டுகள் இயல்பை விடக் கூடுதலாக வளைபவர்களுக்கு மேலும் நீட்டுவது தீங்காகலாம். கழுத்தைச் சடுதியாகத் திருப்புவது இரண்டு நெறிகளிலும் வேண்டாத வேலை.

கட்டணம் செலுத்துமுன் கேட்க வேண்டியவை

• மொத்த மணித்தியாலத்தில் கையால் செய்து பழகும் நேரம் எவ்வளவு?
• ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்?
• ஆசிரியர் இன்றும் வாடிக்கையாளரிடம் தொழில் செய்கிறாரா?
• சான்றிதழை ஏற்கும் அரச அமைப்பு எது? அதை அந்த அமைப்பிடமே உறுதிப்படுத்த முடியுமா?
• முன்பு படித்தவர்களுடன் பேச முடியுமா?
• இடையில் விலகினால் பணம் திரும்பக் கிடைக்குமா?
• பயணம், தங்குமிடம், வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

இணையவழி மட்டும் நடக்கும் நெறிகளில் உடற்கூற்றியலைப் படிக்கலாம். எவ்வளவு அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதைக் காணொளி சொல்லித்தராது.

யாருக்கு எது?

சுற்றுலா விடுதி, ஸ்பா போன்ற இடங்களில் வேலை தேடுபவருக்குத் தாய்லாந்து மசாஜ் பொருத்தம். வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கேட்கும் சேவை அது. ஆனால் 30 மணித்தியாலத்தோடு நிற்காமல் 150 மணித்தியால மட்டத்தை இலக்காக வைக்க வேண்டும். உடற்பயிற்சி நிலையத்திலோ விளையாட்டுக் கழகத்திலோ ஏற்கெனவே இருப்பவர், இயன்மருத்துவம் படித்தவர் ஆகியோருக்குத் துணை நீட்சி உடனடிப் பயன் தரும். அவர்களின் கையிலுள்ள தொழிலுக்கு அது ஒரு கூடுதல் சேவை.

இரண்டும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர் முதலில் உடற்கூற்றியலும் முதலுதவியும் அடங்கிய, உள்ளூரில் பதிவுபெற்ற அடிப்படை நெறியொன்றைப் படிப்பது சிக்கனமானது. சில மாதம் தொழில் செய்து பார்த்தால் தன் முழங்காலும் முதுகும் எதைத் தாங்கும் என்று தெரிந்துவிடும். பெரிய கட்டணத்தை அதற்குப் பிறகு செலுத்தலாம். இயன்மருத்துவராக வேண்டும் என்பதே ஆசையானால் இவ்விரண்டும் அதற்குக் குறுக்குவழி அல்ல. அது நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பும் மருத்துவ சபைப் பதிவும் வேண்டும் தனித் தொழில்.